எல்லாப் பிள்ளைகளும் இருக்கிற ஒரு புத்தக அலமாரி: வீட்டுக்கும் வகுப்புக்கும் முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு அம்மா என்னிடம் வந்து, "சமத்துவம் சொல்லித் தர்ற மாதிரி நாலு புத்தகம் எழுதிக் குடுங்க அக்கா, வாங்கிடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன், அவரும் வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனால் அந்த நான்கும் கடை மெருகு குலையாமல் இருந்தன. பக்கத்தில் ஒரு பேய்க்கதைப் புத்தகம் அட்டை பிய்ந்து, நடுப்பக்கத்தில் குழம்புக் கறையோடு கிடந்தது. தப்பு பிள்ளை மேல் இல்லை. நான் எழுதிக் கொடுத்த நான்கும் நல்லொழுக்க வகுப்பு மாதிரி. கடைசிப் பக்கத்தில் ஒரு ஆசிரியரோ தாத்தாவோ வந்து "நாம் எல்லோரும் சமம்" என்று சொல்லி முடிப்பார். அந்தத் தாத்தா வரப்போகிற வாடை பிள்ளைகளுக்கு முதல் பக்கத்திலேயே அடித்துவிடும்.

அதிலிருந்து என் கட்சி மாறிவிட்டது. சமத்துவத்தைப் பற்றிப் பேசுகிற புத்தகத்தைத் தேடாதீர்கள். இத்தனை நாள் கதையின் ஓரத்தில் நின்ற பிள்ளை நடுவில் வந்து சேட்டை செய்கிற, பயப்படுகிற, பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற புத்தகத்தைத் தேடுங்கள். "சாதிகள் இல்லையடி பாப்பா" என்று பாரதி பாடி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதை மனப்பாடம் செய்யாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை, ஆனாலும் நம் கதைப்புத்தகங்களில் ராமுவும் சோமுவும்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில், வீட்டுத் திண்ணையில், ஆறு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு புத்தகம் படிக்கிறவள். கல்வியாளர் கிடையாது. கீழே சொல்வதெல்லாம் அந்தத் திண்ணையில் செய்து பார்த்தது, பாதி தப்பாகச் செய்து திருத்தியது.

முதல் படி: அலமாரியைக் கொட்டி எண்ணுங்கள்

வாங்குவதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். எல்லாப் புத்தகத்தையும் தரையில் கொட்டி, ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: கதையின் நடுவில் யார், கூட வருகிறவர் யார், பெரியவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எழுதியவரும் வரைந்தவரும் யார்.

எண்ணினால்தான் உறைக்கும். அமெரிக்காவில் நான்சி லாரிக் என்பவர் 1965-இல் இதைத்தான் செய்தார். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்ததில், கறுப்பினத்தவர் ஒருவராவது தென்பட்டவை 6.7 சதவீதம்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருக்கிற குழந்தைப் புத்தக மையம் 1985-இல் எண்ண ஆரம்பித்தபோது, அந்த வருடம் வந்த சுமார் 2,500 புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ வெறும் 18. அந்த மையம் இன்னும் வருடா வருடம் எண்ணுகிறது. அங்கே பதிப்பகங்கள் கொஞ்சமாவது மாறியதில் இந்த எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு, ஏனென்றால் "எங்களிடம் எல்லாரும் இருக்கிறார்களே" என்று அதற்கு மேல் யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

நான் எண்ணியபோது பாதிக்கு மேல் நரி, முயல், யானை. மிருகக் கதைகளில் இந்தப் பிரச்சினையே இல்லை என்று நினைத்தேன், ஆனால் அங்கேயும் வீரம் எல்லாம் ஆண் முயலுக்கு, சமையல் எல்லாம் அம்மா முயலுக்கு. மனிதர் வருகிற கதைகளில் முக்கால்வாசி பையன்கள். முஸ்லிம் குடும்பம் வந்தது இரண்டே புத்தகத்தில், இரண்டிலும் ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதில் வருகிற பஷீருக்கு வருடத்தில் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள் கதையில் வேலையே இல்லையா என்று ஒரு பெண் கேட்டாள், கேள்வி நியாயம்தான்.

இரண்டாவது படி: உங்கள் தெருவில் யார், புத்தகத்தில் யார் இல்லை

இணையத்தில் கிடைக்கிற ஆங்கிலப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் பட்டியல்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போட்டவை. நிறவெறி பற்றிய ஒரு நல்ல அமெரிக்கப் புத்தகம் நம் அலமாரியில் இருக்கட்டும், தாராளமாக. ஆனால் அது மட்டும் இருந்து சாதி பற்றி ஒரு புத்தகம்கூட இல்லை என்றால், அநியாயம் எல்லாம் அடுத்த நாட்டில் நடக்கிறது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

உங்கள் ஊர்ப் பட்டியலை நீங்களே போடுங்கள். எங்கள் பக்கத்தில் இருளர் குடியிருப்பு உண்டு, செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்கள் உண்டு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் உண்டு. தூத்துக்குடி என்றால் உப்பளம், வால்பாறை என்றால் எஸ்டேட் லைன் வீடு, வேறு சில ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் மட்டுமே 37 சமூகங்கள். அதில் எத்தனைப் பிள்ளைகளை நீங்கள் கதையில் சந்தித்திருக்கிறீர்கள்?

சாதி, மதம், ஊனம், ஆண் பெண், திருநர் என்று பெரிய தலைப்புகளோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் பாருங்கள். அம்மா மட்டும் இருக்கிற வீடு, பாட்டி வளர்க்கிற வீடு, அப்பா துபாயில் இருக்கிற வீடு, கழிப்பறை இல்லாத வீடு, கருவாடு வறுக்கிற வீடு. நம் கதைப்புத்தகங்களில் எல்லார் வீட்டிலும் காலையில் இட்லி, மாலையில் பாயசம். மாட்டுக்கறி சாப்பிடுகிற பிள்ளை தன் சாப்பாட்டை எந்தப் பக்கத்திலும் பார்த்திருக்காது.

ஒரே நாளில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முயலாதீர்கள். மூன்று இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள், இந்த வருடத்துக்கு அது போதும்.

மூன்றாவது படி: ஒரு புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் சோதிப்பது

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டுங்கள். யார் பெரிதாக இருக்கிறார், யார் எப்போதும் ஓரத்தில், யார் எதையாவது செய்கிறார், யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிறத்தைக் கவனியுங்கள். 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை என்கிற காமிக்ஸ் வரிசையைப் பற்றி வெகுகாலமாகச் சொல்லப்படுகிற குறை தெரிந்திருக்கும்: நல்லவர்கள் வெளுப்பு, அரக்கர்கள் கறுப்பு. இன்று வருகிற புத்தகங்களில் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது, ஆனால் நாயகி ஒரு படி வெளுப்பாகவும் வேலைக்கார அம்மா ஒரு படி கறுப்பாகவும் இருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். எங்கள் திண்ணையில் பிள்ளைகள் படம் வரையும்போது ரோஸும் சந்தனமும் கலந்த மாதிரி இருக்கிற பென்சிலை "ஸ்கின் கலர் குடு" என்றுதான் கேட்பார்கள், கேட்கிற கையின் நிறம் வேறாக இருக்கும். அமெரிக்கக் கிரேயான் நிறுவனமான கிரையோலா அந்த மாதிரிப் பெயரை 1962-இலேயே மாற்றிவிட்டது. நம் பிள்ளைகளின் வாயில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயரை ஒழிக்க அந்தப் பென்சிலையே ஒளித்து வைத்தேன், பலிக்கவில்லை. அப்புறம் பழுப்பில் ஐந்தாறு வகை வாங்கிப் போட்டு "இதுவும் ஸ்கின் கலர்தான், உன் கையில வெச்சுப் பாரு" என்றேன், அது கொஞ்சம் வேலை செய்தது.

இப்போது எழுத்தைப் படியுங்கள். கேட்க வேண்டிய கேள்வி: பிரச்சினையை யார் தீர்க்கிறார்? தலித் சிறுவன் அழுதுகொண்டிருப்பான், மேல்சாதி நண்பனோ இரக்கமுள்ள டீச்சரோ வந்து கண்ணீரைத் துடைப்பார், கதை முடியும். இந்த மாதிரிக் கதை அலமாரியில் ஒன்று இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அது ஒன்றுதான் இருக்கிறது என்றால், வேண்டாம். காப்பாற்றுகிறவன் யார், காப்பாற்றப்படுகிறவன் யார் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, ஏற்றுக்கொள்ள என்ன விலை? இது நுணுக்கமானது. ஸாய் விட்டேகர் எழுதி துளிகா வெளியிட்ட ஒரு படக்கதையில் காளி என்கிற இருளர் சிறுவன் வருகிறான், அப்பா பாம்பு பிடிப்பவர், வகுப்பில் யாரும் அவனோடு சேரமாட்டார்கள். ஒரு நாள் வகுப்புக்குள் பாம்பு வந்துவிடுகிறது, காளி அதைப் பிடிக்கிறான், எல்லாருக்கும் பிடித்தவனாகிவிடுகிறான். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் அது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இலிருந்து இருளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தி, பாம்பு விஷம் எடுத்து மருந்துக்குத் தருகிறவர்களின் உலகத்திலிருந்து வந்த கதை. அந்தப் பையனின் டிபன் பாக்ஸில் வறுத்த ஈசல் இருக்கிறதை எழுதத் துணிந்த புத்தகம் வேறு எது? ஆனாலும் பிள்ளைகளோடு படித்துவிட்டு நான் ஒன்று கேட்பேன்: பாம்பு வராமல் இருந்திருந்தால்? அப்போதும் காளியோடு விளையாடியிருப்பார்களா? இந்தக் கேள்விக்கு எங்கள் திண்ணையில் ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது. வித்தியாசமான பிள்ளை ஏதாவது சாகசம் செய்து தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிற கதைகள் உலகம் முழுக்க உண்டு, அதனால்தான் சாகசமே செய்யாத பிள்ளையின் கதையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1962-இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்கிற அமெரிக்கர் ஒரு படக்கதை வெளியிட்டார். சிவப்பு உடை போட்ட ஒரு கறுப்பினச் சிறுவன் பனி பெய்த காலையில் வெளியே போய் விளையாடுகிறான், பனி உருண்டை ஒன்றைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அது உருகிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அவன் நிறத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. அடுத்த வருடம் அதற்கு, அமெரிக்காவில் படக்கதைகளுக்குத் தருகிற கால்டிகாட் விருது கிடைத்தது. ஒன்றுமே நடக்காத ஒரு நல்ல நாள் அந்தப் பையனுக்கும் உண்டு என்று காட்டியதுதான் அந்தப் புத்தகத்தின் பெரிய காரியம்.

ஊனம் வருகிற கதைகளில் மூன்று விதத்தைத் தள்ளிவையுங்கள். ஊனம் பாவத்தின் தண்டனையாக வருவது, கடைசியில் அதிசயமாகக் குணமாகிவிடுவது, மற்ற பிள்ளைகள் இரக்கம் கற்றுக்கொள்வதற்காக மட்டும் அந்தப் பிள்ளை வருவது. நல்லது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் டோட்டோ-சான் என்கிற ஜப்பானியப் புத்தகம் போதும், நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட தமிழ் மொழிபெயர்ப்பு பலர் வீட்டில் இருக்கும். போலியோ வந்த யசுவாக்கி-சானை டோட்டோ தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள். ஏணி தேடி, இழுத்து, வியர்த்து, இரண்டு பேரும் திண்டாடி அவனை மேலே ஏற்றுகிறாள். "பாவம்" என்கிற சொல்லுக்கு அங்கே நேரமே இல்லை, ஏணி எப்படி நிற்கும் என்பதுதான் கவலை. துளிகாவின் இன்னொரு படக்கதையில் சக்கர நாற்காலியில் போகிற ஒரு சிறுமி காணாமல் போன பூனையைத் தேடுகிறாள், கதை பூனையைப் பற்றியது.

கடைசியாக, எழுதியது யார்? வெளியிலிருந்து எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை, மேலே சொன்ன கீட்ஸே வெள்ளைக்காரர்தான். ஆனால் அலமாரி முழுவதும் வெளியிலிருந்து பார்த்தவர்களின் கதையாக இருந்தால் எங்கேயோ இடறுகிறது. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிடும், மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடியினர் வரைந்த ஓவியப் புத்தகங்களில் அந்த ஓவியர்களின் பெயர் அட்டையில் நூலாசிரியராகவே வரும். கைத்தாளில் திரை அச்சு போட்டவை கொஞ்சம் விலை கூடுதல், வகுப்புக்கு ஒன்று வாங்கினால் போதும். பிள்ளைகளிடம் படத்தைக் காட்டும்போது வரைந்தவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கு இரண்டு நொடி ஆகும்.

நான்காவது படி: எங்கே தேடுவது

காசு இல்லையென்றால் முதலில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணைய நூலகம், தமிழில் ஏராளமான படக்கதைகள் இலவசம், இறக்கி அச்சிடலாம், நீங்களே மொழிபெயர்க்கவும் செய்யலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், பல மொழிபெயர்ப்புகளில் தமிழ் இடறும். அச்சிடும் முன் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் கலர் அச்சு பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்பதால் நான் கறுப்பு வெள்ளையில் எடுத்து, வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு லாபம்: ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கிடைக்கும். கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, திண்ணையில் மூன்று வாரம் வாய் திறக்காதவள், தன் மொழிப் பிரதியைக் கையில் கொடுத்ததும் மடமடவென்று படித்தாள், எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் "இதுக்கு உங்க ஊர்ல என்ன" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அவள்தான் டீச்சர்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் துளிகா, தாரா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட். துளிகா ஆங்கிலத்தோடு சேர்த்து ஒன்பது மொழிகளில் போடுகிறது, இருமொழிப் புத்தகங்களும் உண்டு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் பெரிய அரங்குகளில் களைத்துப் போவதற்கு முன் இந்தச் சின்ன அரங்குகளை முடித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால் கையிலேயே ஒன்று இருக்கிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. அழகான பெயர்கள், அதை வைத்தவருக்கு ஒரு சல்யூட். பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் பூட்டியே கிடக்கின்றன என்பது வேறு கதை.

சாதியைப் பற்றி நேரடியாகப் பேசவும் சில புத்தகங்கள் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் தடுக்கச் சொன்னது. அந்தக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் ஒரு சிறுவர் கதையே எழுதியிருக்கிறார், பெயரும் கயிறுதான். ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு படிக்க ஏற்றது. ஒரு எச்சரிக்கை: படித்து முடித்ததும் யார் கையில் கயிறு இருக்கிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் பார்வை அங்கே போனாலே பேச்சு நின்றுவிடும்.

ஐந்தாவது படி: வாசித்துக் காட்டுவது, நான் கெடுத்த ஒரு சனிக்கிழமை

புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாசிக்கிறவர் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிடலாம். நான் கெடுத்தேன். காளி கதையை முதல் தடவை வாசித்த அன்று, கூட்டத்தில் இருந்த ஒரே இருளர் பையனைப் பார்த்து, ரொம்ப அன்பாக, "உங்க வீட்லயும் பாம்பு பிடிப்பாங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். எல்லாத் தலையும் திரும்பின. அவன் அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டேன். அவன் "இல்ல" என்றான். அடுத்த ஐந்து வாரம் வரவில்லை. அவனுக்காகத் தேடி வாங்கிய புத்தகம், அவனை வெளியே தள்ளியது.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட பழக்கங்கள் இவை. கதையில் வருகிற பிள்ளையைப் போன்ற பிள்ளை கூட்டத்தில் இருந்தால், அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் வாசிப்பேன். கேள்வியைக் கதைக்குள்ளேயே வைப்பேன்: "காளி ஏன் தன் டிபன் பாக்ஸை மூடினான்?" "உனக்கு இப்படி நடந்திருக்கா?" என்று கேட்கவே மாட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள், சில நேரம் எல்லாரும் போன பிறகு செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வார்கள்.

முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம். முழுதாகப் படியுங்கள், சிரிக்கட்டும். இரண்டாவது தடவை கேட்டால்தான் அந்தப் புத்தகம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஒன்றிரண்டு கேட்கலாம்.

பிள்ளைகள் நடுவில் சுருக்கென்று ஏதாவது சொல்வார்கள். "அய்யே, ஈசல் தின்றான்." "அவங்க வீட்ல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லிச்சு." திட்டினால் அது வாயிலிருந்து மட்டும் போகும். "அப்படியா, ஏன் அப்படிச் சொல்றாங்க?" என்று நிஜமாகவே கேளுங்கள், அவசரப்படாமல். அதே கூட்டத்தில் அந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் மட்டும் முறை வேறு: உடனே, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "அது தப்பு, நான் அங்க குடிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். விவாதம் அப்புறம். அடிபட்ட பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பது நியாயமில்லை.

ஆறாவது படி: பழைய கதைகளை என்ன செய்வது

தூக்கிப் போடாதீர்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லாதீர்கள். தெனாலிராமன் கழுத்தளவு குழியில் புதைக்கப்பட்ட கதை தெரியும்தானே, அந்த வழியாக வருகிற கூன் விழுந்த சலவைத் தொழிலாளியிடம் "எனக்கும் கூன் இருந்தது, குழியில் நின்றேன், நிமிர்ந்துவிட்டது" என்று சொல்லி, யானை மிதிக்கப்போகிற குழியில் அவரை இறக்கிவிட்டு ராமன் தப்பிப்பான். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "இந்தக் கதையை அந்தச் சலவைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னா எப்படிச் சொல்லுவார்?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் சொன்ன கதைகளில் ராமன் படுகிற பாடு இருக்கிறதே, அசல் கதையை விட அதற்குத்தான் சிரிப்பு அதிகம். கூனி கதைக்கும் இதே வைத்தியம் ஆகும்.

திருத்த முடியாதவையும் உண்டு. ஒரு சமூகத்தின் பெயரையே வசவாகப் பயன்படுத்தும் புத்தகங்களைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டேன். நொண்டி, செவிடன், ஊமை போன்ற சொற்கள் வரும் இடத்தில் வாசிக்கும்போது மாற்றிச் சொல்கிறேன், பெரிய பிள்ளைகளிடம் மட்டும் மாற்றியதைச் சொல்லிவிடுவேன்.

ஏழாவது படி: புத்தகம் யார் கைக்குப் போகிறது

இதைப் பலர் மறந்துவிடுகிறோம். அலமாரியில் எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் எடுத்துக்கொண்டு போவது யார்? இரவல் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். என் நோட்டில் முதல் வருடம் சூளைக் குடியிருப்புப் பிள்ளைகள் யாரும் புத்தகம் எடுத்துப் போகவே இல்லை. காரணம் எளிது: கிழிந்தால் காசு கேட்பேன் என்று பயம். அபராதம் கிடையாது, கிழிந்தால் சேர்ந்து ஒட்டுவோம் என்று எழுதி ஒட்டினேன், அதுவும் போதவில்லை. நானே ஒரு நாள் எல்லார் முன்னாலும் ஒரு பக்கத்தைக் கிழித்து ஒட்டிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

அலமாரி தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் வேண்டாம், சக்கர நாற்காலியிலிருந்தும் எட்டும், தவழ்கிற பிள்ளைக்கும் எட்டும். முதுகு தெரிகிற மாதிரி அடுக்காமல் அட்டை தெரிய வையுங்கள். படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்து, தாராளமான இடைவெளி உள்ள புத்தகம், இல்லையென்றால் குரல் பதிவு. என் கைப்பேசியில் பெரிய பிள்ளைகளை வைத்தே பதிந்து வைத்திருக்கிறேன், பின்னணியில் கோழி கத்தும். பார்வையற்ற பிள்ளைக்கு என்றால் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. இணையத்தில் 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்கிற, அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் புத்தகம் தருகிற நூலகமும் உண்டு. பார்வையற்றவர் போன்றோருக்காக ஒரு நூலை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதற்கு 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது, அதனால் பயப்படாமல் செய்யலாம்.

வீட்டிலிருந்து எதிர்ப்பும் வரும். "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு சாதியெல்லாம்?" என்று ஒரு அப்பா கேட்டார். அவர் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று அவரிடம் சொன்னால் சண்டைதான் வரும், அதனால் அவரையே ஒரு சனிக்கிழமை வந்து வாசிக்கச் சொன்னேன். வந்தார். பாதியில் குரல் மாறியது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஆனால் மகனைத் தொடர்ந்து அனுப்பினாரா என்றால், எப்போதாவது.

எட்டாவது படி: கிடைக்காததை நீங்களே செய்யுங்கள்

எவ்வளவு தேடினாலும் சில கட்டங்கள் காலியாகவே இருக்கும். செங்கல் சூளையில் மழை வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி எனக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. அப்போது பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். ஏ4 தாள் நான்கு, நடுவில் மடித்தால் பதினாறு பக்கம், நடுமடிப்பில் இரண்டு ஸ்டேபிள் பின், பின்னின் முனை உள்பக்கமாக மடிந்திருக்கட்டும், விரலைக் கிழிக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி. பிள்ளை எப்படிப் பேசுமோ அப்படியே எழுதுங்கள். "மழ வந்துச்சு" என்றால் "மழை வந்தது" என்று திருத்தாதீர்கள், எழுத்துப்பிழையை மட்டும் பார்த்தால் போதும். அட்டையில் எழுதியவர் பெயர் பெரிதாக. பிறகு அதையும் இரவல் நோட்டில் ஏற்றி, கடையில் வாங்கிய புத்தகங்களுக்கு நடுவில் வையுங்கள். தனியாக "மாணவர் படைப்புகள்" என்று மூலையில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்த அந்தப் பையன் காளி கதையை இன்று வரை தொடவில்லை, அவன் வந்தது பேய்க்கதைக்கு. ஆனால் அவனும் ஒரு புத்தகம் செய்தான். அப்பாவின் லாரியில் ராத்திரி தூங்கிப்போய், முழித்துப் பார்த்தால் விழுப்புரம் தாண்டிவிட்டது, டிரைவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பதினாறு பக்கமும் லாரிதான். மனிதர்களுக்குப் பழுப்புப் பென்சிலில் மூன்றாவது வகை. இந்த வருடம் மறுபடியும் எல்லாவற்றையும் கொட்டி எண்ணியபோது அதிகம் இரவல் போனது அதுதான், பின் இரண்டும் கழன்று, கடைசித் தாளைக் காணோம். கதை எப்படி முடிகிறது என்று அவனைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள், அவன் ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு சொல்லிக்கொண்டிருக்கிறான்.